மாட்டாத மீனும் மாட்டிய கருவியும்

எங்கள் பக்கத்து ஆம்பளைகள் ஞாயிற்றுக்கிழமை கையில் ஸ்பேனரோடுதான் இருப்பார்கள். பைக்கில் எதையாவது கழற்றுவார்கள், மோட்டாரில் எதையாவது மாட்டுவார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் ஒட்டடை அடிக்கச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம்தான். குன்னத்தூரில் நாலு ஓவர்லாக், பேட்லாக் மிஷின்களை வைத்து ஜாப் ஒர்க் ஓட்டுகிற எனக்கு வாரத்தில் ஆறு நாளும் ரிப்பேர் வேலை தானாகவே வரும். ஏழாவது நாளுக்குத்தான் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. அதற்காக ஒரு கயாக் வாங்கினேன்.

கயாக் என்பது ஓர் ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடும் படகு. லாரியிலிருந்து இறக்கியதும் வீட்டம்மா சுற்றி வந்து பார்த்தாள். விரலை மடக்கித் தட்டினாள். “ஏனுங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டுற தொட்டிங்களா?” என்றாள். அவள் காது சரியாகத்தான் கேட்டிருந்தது. மொட்டை மாடியில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டியும் இதுவும் ஒரே பாலிஎத்திலீன்தான். தூளை அச்சுக்குள் கொட்டி, அச்சைச் சூடாக்கிச் சுழற்றி வார்ப்பார்கள்.

இந்த வறண்ட பூமியில் படகு எதற்கு என்று கேட்பீர்கள். அறுபது வருஷத்துக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருந்த அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரித் தண்ணீரை எடுத்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாயில் ஏற்றுகிறார்கள். ஊரெல்லாம் நிலத்தடி நீர் ஏறுமா என்று பேசிக்கொண்டிருந்தபோது, படகு மிதக்க எத்தனை அடி வேண்டும் என்று யோசித்தவன் நான் ஒருவன்தான்.

படகு வந்த பிறகு மீன் காட்டும் கருவி வராமல் இருக்குமா? நாகப்பட்டினம், தூத்துக்குடி விசைப்படகுகளில் எக்கோ சவுண்டர் என்பார்களே, அதன் குட்டி. 1948இல் ஜப்பானில் நாகசாகி பக்கத்து ஃபுருனோ சகோதரர்கள் மீன் காட்டும் கருவியை முதன்முதலில் வியாபாரத்துக்குக் கொண்டு வந்தார்கள். அவர்கள் கடல் மீனவர்களுக்காகச் செய்தார்கள். அது ஏழடிக் குளத்துக்கு வந்து சேர எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

கருவியில் இரண்டு உருப்படி. ஒன்று கையகலத் திரை. இன்னொன்று டிரான்ஸ்டூசர், உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புக் கட்டி. மின்சாரம் கொடுத்தால் உள்ளே இருக்கும் பீங்கான் வில்லை விநாடிக்கு இரண்டு லட்சம் தடவை அதிரும். நம் காது இருபதாயிரத்தோடு நின்றுவிடுவதால் ஒன்றும் கேட்காது. அந்த ஒலி தண்ணீருக்குள் விநாடிக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் வேகத்தில் இறங்கி, தரையில் மோதித் திரும்பும். போய்வந்த நேரத்தை வைத்து ஆழம் இத்தனை அடி என்று திரை சொல்லும்.

இதில் வில்லன் காற்று. தண்ணீரில் ஓடுகிற ஒலி காற்றைக் கண்டால் அப்படியே திரும்பிவிடும். மீன் திரையில் தெரிவதே அதனால்தான். பெரும்பாலான மீன்களின் வயிற்றுக்குள் மிதப்பதற்காக ஒரு காற்றுப்பை உண்டு. ஒலி அதில் பட்டுத்தான் பலமாகத் திரும்புகிறது. மீனின் வயிற்றில் இருக்க வேண்டிய காற்று டிரான்ஸ்டூசருக்கு அடியில் இருந்துவிட்டால் கதை முடிந்தது.

கயாக்கில் இதை மாட்ட மூன்று வழி. உட்காரும் தட்டிலிருந்து தண்ணீர் வடிவதற்கு அடிவரை துளை விட்டிருப்பார்கள். அந்தத் துளைக்குள் தொங்கவிடலாம். கரையில் இழுக்கும்போது கல்லில் உரசாமல் உள்ளே தள்ளி மாட்ட வேண்டும். இரண்டாவது, பக்கவாட்டில் ஒரு கம்பியைப் பிணைத்துத் தண்ணீருக்குள் நீட்டிவிடலாம். ஆகாயத்தாமரை இல்லாத ஊராக இருந்தால் நல்ல வழி. மூன்றாவது, கயாக்கின் வயிற்றுக்குள்ளேயே ஒட்டிவிடுவது. வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. அடித்தட்டு நுரை வைக்காத ஒற்றைப் பிளாஸ்டிக்காக இருந்தால் ஒலி அதை ஊடுருவிப் போகும். கொஞ்சம் பலம் குறையும், அவ்வளவுதான். மூன்றிலும் சிரமமானது மூன்றாவது என்று தெரிந்ததும் அதையே தேர்ந்தெடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை நீளமானது அல்லவா?

எதில் வேண்டுமானாலும் ஒட்டும் என்று எழுதியிருந்த பசையை ஹார்டுவேர் கடையில் வாங்கினேன். பாலிஎத்திலீன் மட்டும் அந்த ‘எதில் வேண்டுமானாலும்’ கணக்கில் சேராது. சாதாரணப் பசை எதுவும் அதில் பலமாகப் பிடிக்காது. நல்ல பனியன் வேஸ்டாகப் பொறுக்கித் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பசையைப் பரப்பி, கட்டியை அழுத்தினேன். காலர் பியூசிங்கில் குமிழி விழுந்த பீஸை என் யூனிட்டில் செக்கிங் அக்கா ஒரே பார்வையில் தூக்கி எறிவார். அதே குமிழி இங்கே பசைக்குள் உட்கார்ந்திருந்தது. திரையைப் போட்டால் ஆழம் சைபர் என்றது. மறுநாள் காலையில் கட்டியும் தனியாகக் கழன்று கிடந்தது.

கட்டிக்கு அடியில் பசையே வேண்டாம், தண்ணீர் போதும் என்பதுதான் கடைசியில் பிடிபட்ட சூட்சுமம். கனமான ரப்பர் நுரையில் நடுவே கட்டியின் அளவுக்கு ஓட்டை வெட்டி, கயாக்கின் உட்புறத் தரையில் ஒட்ட வேண்டும். நுரை பிடித்து நின்றால் போதும், ஒலி அதன் வழியாகப் போவதில்லை. அந்தக் குழிக்குள் தண்ணீர் ஊற்றி, டிரான்ஸ்டூசரைத் தரையோடு அழுத்தி வைத்தால் நடுவில் காற்றுக்கு இடமே கிடையாது. வேண்டும்போது கழற்றியும் கொள்ளலாம். இடம் பார்க்க இன்னும் சுலபம்: ஒட்டுவதற்கு முன்னால் உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, கட்டியை இங்கும் அங்கும் நகர்த்தி, எங்கே ஆழம் தெளிவாகத் தெரிகிறதோ அங்கே குறி போட்டுக்கொள்ளலாம். திரை காட்டும் தண்ணீரின் சூட்டை மட்டும் நம்ப முடியாது. கருவி படகின் சூட்டைத்தான் அளந்து சொல்லும். சித்திரை வெயிலில் அது ரசம் வைக்கிற சூடு.

அடுத்தது பேட்டரி. 12 வோல்ட், 8 ஆம்ப் ஹவர் இருந்தால் நாள் முழுக்கத் தாங்கும். கடைக்கு ஓட வேண்டியதில்லை. மாமனார் தோட்டத்து மருந்தடிக்கிற ஸ்பிரேயருக்குள் அதே அளவில் ஒன்று சும்மா இருந்தது. சும்மா இருந்தது என்பது என் கணக்கு.

குளத்துக் குத்தகைக்காரரிடம் சொல்லிவிட்டு, லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக்கொண்டு இறங்கினேன். தாய்மாமன் சீருக்குக் கூடுவதைவிட அதிகக் கூட்டம் கரையில். திரையில் ஏழடி என்று வந்தது. ஒலி கீழே போகப் போகக் கூம்பாக விரியும். இருபது டிகிரிக் கூம்பு என்றால், ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அகலமான வட்டம்தான் தெரியும். ஏழடிக்கு இரண்டரை அடி. என் கயாக்கின் அகலமும் இரண்டரை அடி. ஆக, இத்தனை செலவு செய்து நான் பார்த்துக்கொண்டிருந்தது, நானே மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தண்ணீரை. விவரம் தெரிந்த எந்த ஜிலேபிக் கெண்டையும் தொண்ணூற்றிரண்டு கிலோ நிழலுக்கு அடியில் வந்து நிற்குமா? பவானிசாகர் ஆழத்துக்கு இந்தக் கருவிக்கு மரியாதை இருக்கும். இங்கே திரையில் ஒரு வளைவு தெரிந்தது உண்மை. துடுப்பால் குத்திப் பார்த்தேன், தென்னை மட்டை.

வீட்டில் இதனால் யாருக்கும் ஏமாற்றமில்லை. நான் கிளம்பும்போதே வீட்டம்மா ஒரு கிலோ கட்லா வாங்கி மஞ்சள் தடவி வைத்துவிட்டாள்.

சாயங்காலம் பேட்டரியைத் தேடிக்கொண்டு மாமனார் வந்தார். கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏனுங் மாப்ள, கெணத்துல தண்ணி எத்தன அடி நிக்குதுன்னு இது சொல்லுங்களா?” குளத்துக்குத் தண்ணி வந்த பிறகு கிணற்றில் ஏறியதா இல்லையா என்று பங்காளியோடு அவருக்கு ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கோ கழற்றி மாட்ட இன்னொரு வாய்ப்பு. நுரையிலிருந்து உருவி எடுத்து, ஒரு மூங்கிலின் நுனியில் கட்டினேன். ஒயர் இருபதடிதான், தண்ணீர் அதற்கும் கீழே. அதனால் திரை ஒரு கையில், பேட்டரி மஞ்சப்பையில் தோளில், கல்படி பிடித்துக் கிணற்றுக்குள் இறங்கினேன். கட்டியைத் தண்ணீருக்குள் அரையடி அமுக்கிப் பிடித்ததும் எண் நின்றது. இருபத்திரண்டு அடி.

மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினார். மேலே இழுத்து, நனைந்த நீளத்தை முழம் போட்டார். “பதினஞ்சு மொழம். இருவத்திரண்டரை அடி. பரவால்லீங் மாப்ள, மிஷினும் கிட்டத்தட்டச் சரியாத்தான் சொல்லுது.”

டிரான்ஸ்டூசர் தன் முகத்திலிருந்துதான் அளக்கும், அமுக்கிப் பிடித்த அரையடியைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று விளக்கிச் சொல்லத் தொண்டையைச் செருமினேன்.

“பேட்டரியக் கழட்டிக் குடுத்துருங், நாளைக்கு மருந்தடிக்கோணும்” என்றார்.