மருமவனே, அந்த வில்லை என்ன சொல்லுது?

எனக்கு என்ன தெரியும் மருமவனே, நான் எட்டாங்கிளாஸ்லயே பள்ளிக்கூடத்துக்குக் கும்புடு போட்டவன். நீ பெங்களூர்ல கம்ப்யூட்டர் கம்பெனில உத்தியோகம் பாக்குறவன். ஆனாலும் கோயில் கொடைக்கு வந்த நாளுலேருந்து பாக்கேன், நீ சாமியப் பாத்த நேரத்தவிட போனப் பாத்த நேரம் கூட. பூசாரி திருநீத்துத் தட்ட நீட்டுதாரு, நீ போன எடுத்து உன் புஜத்துல ஒட்டியிருக்கிற சர்க்கரை வில்லையில காட்டுத. “மாமா, 142!”ன்னு சொல்லுத. 142 ஆனா என்னடே செய்யணும்னு கேட்டா முழிக்குத. அதனாலதான் கூப்புட்டேன். இங்கன உக்காரு, நாலு வார்த்த பேசுவோம்.

உங்க அத்தை நேத்து அந்த வெள்ளை வில்லையப் பாத்துட்டு, “புள்ளைக்குக் கட்டி ஏதும் வந்து பிளாஸ்திரி போட்டிருக்கானோ”ன்னு கவலப்பட்டா. ஐயாயிரம் ரூபா பக்கத்துல ஆவும், பதினாலு நாளுதான் உழைக்கும்னு சொன்னேன். கணக்குப் போட்டுப் பாத்துட்டு, “பதினாலு நாளும் நூறு நாள் வேலைக்குப் போனாக்கூட அந்த அளவு கூலி வராதே”ன்னுட்டா. அவ கணக்கு என்னைக்கும் தப்பாது.

சரி, அது என்ன செய்யுதுன்னு உனக்குத் தெரியுமா? ரத்தத்த அளக்குதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு அலையுத. அது ரத்தத்தத் தொடவே இல்ல. வில்லைக்கு அடியில மயிரிழை கணக்கா ஒரு இழை தோலுக்குள்ள போவுது. தோலுக்குக் கீழ, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல இருக்கிற நீருல எம்புட்டுச் சர்க்கரைன்னுதான் அது பாக்கும். வாய்க்கால்ல தண்ணி வந்த உடனே வயக்காட்டுக் கடைசி வரப்பு நனைஞ்சிருமா? கொஞ்ச நேரம் ஆவும்லா? ரத்தம் வாய்க்கால், உன் வில்லை நிக்கிறது வயக்காட்டுல. அஞ்சு நிமிசம், பத்து நிமிசம், சில நேரம் அதுக்கும் மேல பிந்தித்தான் சேதி வரும். சாப்புட்டு எந்திரிச்ச ஒடனயும், வேகமா நடந்துட்டு வந்த ஒடனயும் விரல்ல குத்திப் பாத்தா ஒரு நம்பரு, வில்லையில ஒரு நம்பருன்னா, ரெண்டுல ஒண்ணு கெட்டுப்போச்சுன்னு கம்பெனிக்குப் போன் போடாத. நம்பர் நல்லாருக்கு, ஆனா கையி நடுங்குது, வேர்த்து ஊத்துதுன்னா, வில்லைய நம்பாத. விரல்ல குத்திப் பாரு.

முந்தாநாள் ராத்திரி நடந்தத நெனச்சா எனக்கு இன்னும் சிரிப்பு அடங்கல. மணி ரெண்டு இருக்கும். உன் போன் கத்துன கத்துல தொழுவத்துல மாடு எந்திரிச்சுட்டு. 58ன்னு காட்டுச்சாம். உன் பொண்டாட்டி பதறிப்போயி டம்ளர்ல சீனியக் கரைச்சு உன் வாயில ஊத்துதா. நீயோ சர்க்கரைய எறக்குற ஊசியும் போடல, மாத்திரையும் போடல. உனக்கு எப்புடிடே 58? அந்தப் பக்கமா ஒருக்களிச்சு, அந்தக் கை மேலயே பாரத்தப் போட்டுப் படுத்திருந்த. அமுக்கிப் படுத்தா அந்த இடத்துல ஓட்டம் கொறஞ்சு நம்பர் பொய்யா எறங்கும். திரும்பிப் படுத்திருந்தா தானாச் சரியாயிருக்கும். பாவம், அந்தச் சீனித்தண்ணி உள்ள போன பெறவு அரை மணி நேரத்துல நெசமாவே ஏறிடுச்சு, பாத்தியா? ஆனா ஒண்ணு, ஊசி போடுறவங்களுக்கு இந்தச் சத்தம் வந்தா வேடிக்கை பாத்துட்டு நிக்கக் கூடாது. அவங்க கதை வேற.

இப்ப சாப்பாட்டுக்கு வருவோம். காலையில கருப்பட்டிக் காப்பி வேணும்னு அத்தைக்கிட்டக் கேட்டு வாங்கிக் குடிச்ச. “சீனிதான மாமா ஆகாது, இது கருப்பட்டில்லா”ன்ன. நானும் கருப்பட்டிக்கு உசுர விடுறவன்தான். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023ல புவிசார் குறியீடே கொடுத்துட்டாங்க. சர்க்கரை ஏறாதுன்னு எந்தக் குறியீடும் கொடுக்கல. ரத்தத்துக்கு ஊர்ப்பற்று கெடையாது மருமவனே. நாட்டுச் சர்க்கரையும், தேனும், கருப்பட்டியும் உள்ள போயி சீனி செய்யுற சோலியத்தான் செய்யும். கேப்பைக் கூழுக்கும் இதேதான் பதிலு. கேப்பைன்னு பேர் சொன்னா போதும், சர்க்கரை பயந்து ஓடிரும்னு உங்க ஆளுக நெனைக்கீங்க. நைசா மாவா அரைச்சு, கஞ்சியாக் கொழையவிட்டு, ஒரு சொம்பு குடிச்சா அதுவும் வெரசாத்தான் ஏறும். ஏறுறத உன் வில்லையே காட்டுச்சு. நீதான் “மிஷின் கோளாறு”ன்னுட்ட.

வில்லைய வச்சு உருப்படியாப் பாத்தவங்களும் இருக்காங்க. மெட்ராஸ்ல மோகன் டாக்டரோட ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க, உடம்பு பெருத்தவங்க கொஞ்சப் பேருக்கு இந்தக் கருவிய மாட்டி, அஞ்சு நாள் வெள்ளை அரிசி, அஞ்சு நாள் தவிடு நீக்காத அரிசி, அஞ்சு நாள் அதோட பயறும் சேத்துன்னு போட்டுப் பாத்தாங்க. 2014ல முடிவு வந்துச்சு. சாப்புட்டா ஏறுற சர்க்கரை, தவிடு நீக்காத அரிசியில ஏறக்குறைய 20 விழுக்காடு கம்மி. பயறு சேந்தா இன்னும் கொஞ்சம் கம்மி. இத நான் சொன்ன அன்னைக்கே நீ ஆன்லைன்ல பட்டை தீட்டாத அரிசி அஞ்சு கிலோவுக்கு ஆர்டர் போட்டுட்ட. சந்தோசம். ஆனா தட்டுல அளவு கொறையலையே! பட்டை தீட்டாத அரிசின்னா மூணு மடங்கு தின்னலாம்னு அந்த டாக்டருமாரு எங்கயும் எழுதல.

வில்லை ஒட்டுனதுலேருந்து நீ ஒரு தந்திரம் கண்டுபிடிச்சிருக்க, அதத்தான் நான் ரொம்ப ரசிக்கேன். கொய்யாப்பழம் தின்னா கோடு ஏறுது, அதனால கொய்யா ஆகாது. மட்டன் சுக்கா தின்னா கோடு அசையல, அதனால சுக்கா மருந்து! நேத்து மூணு தட்டு உள்ள போச்சு. ராத்திரி அத்தை சுட்ட ஆம்லேட்டு, மேல வெண்ணெய். “பாருங்க மாமா, கோடு தரையோட தரையாக் கெடக்கு”ன்னு பெருமை வேற. ஏடே, அந்த வில்லைக்குச் சர்க்கரைய மட்டும்தான் பாக்கத் தெரியும். கொழுப்பப் பாக்காது, பிரஷரப் பாக்காது, உன் நெஞ்சுக் கொழாய்ல என்ன படியுதுன்னு அதுக்குத் தெரியாது. சர்க்கரை உள்ளவனுக்குக் கடைசியில ஆபத்து பெரும்பாலும் நெஞ்சுலதான் வரும். கோடு எறங்கி, கொலஸ்ட்ரால் ஏறுனா உனக்கு என்ன லாபம்? ஒரு கொய்யாப்பழத்தக் கடிச்சுத் தின்னு, ஒண்ணும் முழுகிப் போவாது. சாறு புழிஞ்சு சக்கையத் தூரப் போட்டுட்டுக் குடிக்காத, அம்புட்டுதான்.

இன்னொரு கூத்து. சாயங்காலம் அல்வாக் கடைப் பக்கம் போறப்ப போன மட்டும் வீட்டுலயே வச்சுட்டுப் போற. மறந்து வச்சுட்டேன்னு அத்தைக்கிட்டச் சொல்லலாம், எங்கிட்டச் சொல்லாத. உன் கையில இருக்கிற ரகம் எட்டு மணி நேரக் கணக்கத் தனக்குள்ளயே எழுதி வச்சிக்கிடும். திரும்பி வந்து போனக் காட்டுன ஒடனே நெய் அல்வா கால் கிலோ, மணி ஆறு இருபதுன்னு வரைபடம் போட்டுக் கொடுத்துரும். திருநெல்வேலி அல்வா தின்ன ஆசப்பட்டா ஒரு துண்டு தின்னு. போனுக்குத் தெரியாமத் தின்னணும்னு ஏன் நெனைக்க? அது என்ன உன் மாமியாரா?

பந்தியிலயும் உன்னக் கவனிச்சேன். இலையில கூட்டும் பொரியலும் அவியலும் முதல்ல வந்து விழுது. நீ அதத் தொடாமச் சோறு வார வரைக்கும் பரிமாறுறவன் மொகத்தையே பாத்துக்கிட்டு இருக்க. நியூயார்க்குல 2015ல ஒரு சோதனை செஞ்சாங்க. ஒரே சாப்பாடுதான். ரொட்டியும் பழச்சாறும் முதல்ல கொடுத்தா சர்க்கரை எகிறுது. காய்கறியும் கோழிக்கறியும் முதல்ல தின்னுட்டு, ரொட்டியக் கடைசியில தின்னா நல்லாவே கொறையுது. அதனால பொரியலையும் கூட்டையும் பாதி முடிச்சுட்டுச் சோத்துல கைய வையி. ஒடனே “நம்ம முன்னோர் அன்னைக்கே இத அறிஞ்சிருந்தாங்க”ன்னு வாட்சப்புல போட்டுராத. அவங்க எதுக்கு வச்சாங்களோ, நமக்கு உபயோகப்படுது, போதும்.

சாப்புட்டுப் பத்துப் பதினஞ்சு நிமிசம் நட. அம்மன் கோயில் வரைக்கும் போயிட்டு வா. நீ பெங்களூர்ல நடக்கிற மிஷின்ல நடக்கிறதுக்குப் பைக்குல போறியாம்லா? உன் பொண்டாட்டிதான் சொன்னா. காலு வேலை செஞ்சா தசை சர்க்கரைய இழுத்துக்கிடும். வில்லைய வாங்குனதுக்கு இத ஒருக்கா சோதிச்சுப் பாரு. ஒரு நாள் அதே அஞ்சு இட்லியத் தின்னுட்டு உக்காரு. மறுநா அதே அஞ்சு இட்லியத் தின்னுட்டு நட. ரெண்டு கோட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. வில்லை கொடுக்கிற பாடம் அதுதான். அதுக்குத்தான் ஐயாயிரம் கொடுக்கலாம்.

ராத்திரி பட்டினி கெடந்தும் விடியக்காலம் ஏறுதேன்னு மூஞ்சிய வச்சுக்கிட்டு நின்ன. நீ எந்திரிக்கு முன்னாலயே ஈரல் எந்திரிச்சுக் கொஞ்சம் சர்க்கரைய ரத்தத்துக்கு விடும். எல்லாருக்கும் நடக்கிறதுதான். உன்ன மாதிரி ஆளுகளுக்குக் கொஞ்சம் தூக்கலாத் தெரியும். அதுக்காக ராச்சோத்த நிறுத்தாத, நேரத்தோட தின்னு.

உன் மச்சினன் ஒரு வாட்சு கட்டிட்டு வந்தான். குத்தவே வேண்டாம், தோலு மேலயே சர்க்கரை சொல்லும்னு வாங்குனானாம். தோலக் குத்தாமத் தானாச் சர்க்கரை அளக்கிற வாட்சு, மோதிரம் எதுக்கும் நாங்க அனுமதி கொடுக்கலன்னு அமெரிக்க மருந்துத் துறைக்காரங்க 2024 பிப்ரவரியில எச்சரிச்சாங்க. அவன ஒரு பூசணிக்காயில அதக் கட்டிப் பாக்கச் சொல்லு. அதுக்கும் ஒரு நம்பர் வந்தா பூசணிக்காய டாக்டருக்கிட்டக் கூட்டிட்டுப் போகட்டும்.

சிரிக்காத, ஒண்ணு நெசமாச் சொல்லுதேன். சின்ன வயசுலயே உடம்பு இன்சுலின் சுரக்காமப் போன புள்ளைகளுக்கு இந்த வில்லை உசுரு. தாய்மாரு ராத்திரி மூணு தடவ எந்திரிச்சு, தூங்குற புள்ள விரல்ல குத்திப் பாத்த காலம் இருந்துச்சு. இப்ப எறங்குனா அதுவே சத்தம் போடுது. ஊசி போடுற பெரியவங்களுக்கும் அப்புடித்தான். அவங்களுக்கு 70க்கும் 180க்கும் நடுவுல நாள்ல பத்துக்கு ஏழு பங்கு நேரமாவது நின்னா நல்லதுன்னு டாக்டருமாரு குறி வச்சிருக்காங்க. அப்பேர்ப்பட்ட வீட்டுல காசில்லாம அது இல்ல, நீ வேடிக்கைக்கு ஒட்டியிருக்க. இத நெனச்சாத்தான் எனக்கு வவுறு எரியுது.

உங்க அத்தைக்குச் சர்க்கரை இருக்கே, அவ என்ன வில்லையா ஒட்டியிருக்கா? 2021 ஆகஸ்டுல கிருஷ்ணகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில தொடங்குனாங்களே மக்களைத் தேடி மருத்துவம், அந்தத் திட்டத்துப் புள்ள வீடு தேடி வருது, விரல்ல ஒரு குத்து, மாத்திரைய எண்ணிக் கொடுத்துட்டு, “பாட்டி, விட்டுராம சாப்புடணும்”னு மெரட்டிட்டுப் போவுது. அத்தையும் விட்டுராம சாப்புடுதா. அவளுக்கு வரைபடம் கெடையாது, ஆனா அளவு கட்டுக்குள்ள இருக்கு.

2023ல வந்த கணக்குப்படி நாட்டுல சர்க்கரை உள்ளவங்க 10.1 கோடி, வாசப்படியில நிக்கிறவங்க 13.6 கோடி. உனக்கு ஹெச்பிஏ1சி 6.1. 5.7லேருந்து 6.4 வரைக்கும் வாசப்படி, 6.5 ஆனா உள்ள வந்துட்டன்னு அர்த்தம். நீ இன்னும் வெளியதான் நிக்குத, திரும்பி நடக்க எடம் இருக்கு. ஒரு நேரம் 150ஐத் தொட்டதுக்கு ஊரக் கூட்டாத, சர்க்கரையே இல்லாதவனுக்கும் எப்பயாச்சும் தொடும். பதினாலு நாளும் எதத் தின்னா எம்புட்டு ஏறுதுன்னு ஒரு நோட்டுல எழுதிக்கோ, பெறவு வில்லையப் பிச்சு எறி. டாக்டர் சொன்னா ஒழிய இன்னொண்ணு வாங்காத. மூணு மாசங் கழிச்சு ரத்தத்தக் கொடுத்து ஹெச்பிஏ1சி பாரு. கூடியிருந்து டாக்டர் மாத்திரை எழுதுனா, கவுரவம் பாக்காம முழுங்கு.