மதர்போர்டைக் கேட்டு ரேம் வாங்குங்கள்

கே: உத்திரமேரூரில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். எச்61 மதர்போர்டு, 4 ஜி.பி. ரேம். முகூர்த்த மாதத்தில் கோரல்டிராவில் ஒரு பத்திரிகையைத் திறந்தால், மாப்பிள்ளை வீட்டார் டீ குடித்துவிட்டுத் திரும்பும் வரை சுற்றிக்கொண்டே இருக்கிறது. 8 ஜி.பி. டிடிஆர்4 வாங்கிப் போடலாமா?

ப: போட முடியாது. எச்61 போர்டுக்கு டிடிஆர்3 மட்டும்தான். டிடிஆர்3 ரேமில் 240 பின், டிடிஆர்4-இல் 288. நடுவில் உள்ள வெட்டும் இடம் மாறியிருக்கும். கையில் பலம் இருக்கிறதே என்று அழுத்தினால் ஸ்லாட்தான் உடையும்.

உங்கள் போர்டில் ஸ்லாட்டுக்கு 8 வீதம் மொத்தம் 16 ஜி.பி. வரை போடலாம். இன்டெல் இரண்டாம் தலைமுறை பிராசஸர் என்றால் 1333 வேகம், மூன்றாம் தலைமுறை என்றால் 1600. 1600 ரேமை வாங்கி 1333-இல் ஓடும் கம்ப்யூட்டரில் போட்டாலும் வேலை செய்யும், அந்தக் குறைந்த வேகத்தில். இப்போது உள்ளே இருப்பது என்னவென்று அறிய, சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் போதும். போர்டின் பெயர், ரேமின் வகை, எந்த ஸ்லாட்டில் எது என்று எல்லாம் காட்டிவிடும். கேபினட்டைத் திறந்தும் பார்க்கலாம். ரேம் ஸ்டிக்கரில் ‘பிசி3-12800’ என்றிருந்தால் அது டிடிஆர்3, 1600 வேகம். 12800-ஐ 8-ஆல் வகுத்துப் பாருங்கள், கணக்கு வரும்.

பணம் கொடுப்பதற்கு முன் இன்னொன்று. பழைய தமிழ் எழுத்துரு மென்பொருளுக்காக 32-பிட் விண்டோஸ் 7 வைத்திருக்கிறீர்களா? அது 4 ஜி.பி.க்கு மேல் தொடாது. அப்படியானால் முதலில் 64-பிட்டுக்கு மாறுங்கள். உங்கள் எழுத்துரு அதில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு மாறுங்கள்.

கே: ஆன்லைனில் 8 ஜி.பி. டிடிஆர்3 பாதி விலைக்குக் கிடைக்கிறதே? - சாலவாக்கம் வாசகர்

ப: விளக்கத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். ‘ஏஎம்டிக்கு மட்டும்’ என்று ஒரு மூலையில் இருந்தால் இன்டெல் போர்டில் அது ஓடாது. இன்னொரு வகை, சர்வரிலிருந்து கழற்றியது. ஸ்டிக்கரில் ‘பிசி3-12800’ போன்ற எண்ணை ஒட்டி ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ‘யு’ உள்ளதே வேண்டும். பாதி விலைக்கு வாங்கி ஓடவில்லை என்றால் அது முழு நஷ்டம்.

கே: பள்ளியில் கொடுத்த பழைய லேப்டாப்பின் ரேமை டெஸ்க்டாப்பில் போடலாமா?

ப: முடியாது. லேப்டாப் ரேம் நீளத்தில் பாதிதான்.

கே: புதிதாக அசெம்பிள் செய்யப்போகிறேன். 12-ஆம் தலைமுறை இன்டெல், டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கும் என்கிறார்கள். அப்படியானால் எதையும் வாங்கலாமா? - கல்லூரி மாணவி, திருப்புலிவனம்

ப: ஏற்பது பிராசஸர். மதர்போர்டில் பெரும்பாலும் ஏதாவது ஒரு வகை ஸ்லாட்தான் இருக்கும். ஒரே மாடலே இரண்டு விதமாக வரும். டிடிஆர்4 போர்டுகள் பலவற்றின் பெயரில் ‘டி4’ என்று இருக்கும். பில் போடுமுன் பெட்டியைப் படியுங்கள். ஏஎம்டியின் ஏஎம்5 போர்டு என்றால் டிடிஆர்5 மட்டுமே. ஒரு 16 ஜி.பி.க்குப் பதில் இரண்டு 8 ஜி.பி. உள்ள செட்டாக வாங்குங்கள். பிராசஸருக்கும் ரேமுக்கும் இடையிலான இரண்டு பாதையிலும் தரவு ஓடும். நான்கு ஸ்லாட் இருந்தால், பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரிலிருந்து இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும்.

கே: நாங்கள் குடவோலை கண்ட ஊர்க்காரர்கள். எங்கள் பாணியில் இதற்கு ஒரு விதி சொல்லுங்களேன்?

ப: உங்கள் உத்திரமேரூர்க் கோயில் சுவரிலேயே இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி வயது 35-க்கு மேல் 70-க்குள். இவை இருந்தால்தான் ஊர் வாரியத் தேர்தலில் பெயர் எழுதிய ஓலை குடத்துக்குள் போகும். கணக்குக் காட்டாதவர் பெயர் போகாது. மதர்போர்டு நிறுவனங்களும் சோதித்துத் தேறிய ரேம்களின் பட்டியலைத் தங்கள் தளத்தில் வைத்திருக்கின்றன. ஒரு வித்தியாசம் உண்டு: அதில் இல்லாத ரேம் தகுதியற்றது என்று பொருளில்லை, அவர்கள் சோதிக்கவில்லை, அவ்வளவுதான். பட்டியலில் இருப்பது கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

கே: சரியான ரேம்தான். போட்டதும் திரை இருட்டு, உள்ளே பீப் சத்தம். - மானாம்பதி வாசகர்

ப: பவர் கேபிளைப் பிடுங்குங்கள். ரேமைக் கழற்றி, பொன்னிறப் பட்டையை மெதுவாக அழிரப்பரால் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு, ‘கிளிக்’ கேட்கும் வரை செருகுங்கள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பழையதும் புதியதும் தனித்தனியே ஓடி, சேர்ந்து ஓடாவிட்டால் இரண்டுக்கும் ஒத்துவரவில்லை; பயாஸை அப்டேட் செய்து பார்த்துவிட்டு, மாற்றித் தரச் சொல்லுங்கள். சென்னை ரிச்சி தெரு வரை பஸ் ஏறிப் போகிறவர்கள், பழைய ரேமைக் கையோடு கொண்டுபோங்கள். மதர்போர்டின் பெயரை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றித் தருவார்களா என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.