ஓசியார்

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டைச் சுற்றி, மொட்டை மாடியில் ஷீட் போட்டு வாடகைக்கு விட்ட அறைகள் எத்தனையோ. அப்படி எந்த மாடிப்படி ஏறினாலும் ஒரு ஓசியார் தட்டுப்படுவார். எங்கள் அறைக்கும் ஒருவர் வாய்த்திருக்கிறார். ஆறு பேர் அறை; ஷிஃப்ட் கணக்கில் எந்நேரமும் நாலு பேர்தான் இருப்போம். ஐந்தாவது ஆளாக நிரந்தரமாகக் குடியிருப்பது ஓசியாரின் கம்ப்யூட்டர். அது வாடகை தருவதில்லை.

ஓசியார் என்றதும் அடுத்தவன் பாக்கெட்டில் கைவிடுகிற ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். டீக்கடையில் முதலில் காசை நீட்டுவது அவர்தான். ப்ராசஸரை, செய்த கம்பெனி எழுதிக் கொடுத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதற்கு ஓவர்க்ளாக்கிங் என்று பெயர், சுருக்கினால் ஓ.சி. காசு கொடுக்காமல் வருகிற கூடுதல் வேகம். இங்கிலீஷ்காரன் வைத்த சுருக்கம் தமிழில் இவ்வளவு பொருத்தமாக வந்து உட்கார்ந்த இடம் வேறு கிடையாது.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். கழுத்தில் கம்பெனி ஐடி கார்டு, கட்டைவிரல் நகக்கண்ணில் சாம்பல் நிறப் பசை. அவருடைய கேபினெட்டின் ஒரு பக்கத் தகடு எப்போதும் கழன்று சுவரில் சாய்ந்திருக்கும். யோசனை கேட்டு மட்டும் அவரிடம் போகக் கூடாது. வீட்டுக்கார அக்கா ஒருநாள் போனார்.

“தம்பி, பாப்பா காலேஜ் சேர்ந்திருக்கா. ஒரு கம்ப்யூட்டர் வாங்கணும், எது நல்லது?”

“இன்டெல் எடுத்தா, பேரு எஃப்-னு முடியறத வாங்கிடாதீங்கக்கா. படம் வராது.”

“எங்களுக்குப் படமெல்லாம் வேணாம் தம்பி. டிவியிலயே பாத்துக்கிறோம்.”

ஓசியார் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எஃப் என்று முடியும் இன்டெல் ப்ராசஸர்களில் கிராபிக்ஸ் கிடையாது. தனியாக ஒரு கார்டு வாங்கிச் செருகாவிட்டால் மானிட்டர் இருட்டாகவே இருக்கும். கொஞ்சம் காசு மிச்சம் பிடிக்கப் போய், இருட்டு மானிட்டரைத் தட்டிக்கொண்டு நிற்பவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. இதை அக்காவுக்கு விளக்க ஓசியார் எடுத்துக்கொண்ட நேரம் நாற்பது நிமிடம். அக்கா வைத்த பால் பொங்கி அடுப்பு அணைந்தது அன்றுதான்.

டீக்கடையில் உட்கார்ந்தால் சரித்திரம் பேசுவார். “1998-ல செலரான் 300ஏ வந்துச்சு பாரு மச்சான்… அதெல்லாம் ஒரு காலம்!” மதர்போர்டில் 66 மெகாஹெர்ட்ஸை 100 ஆக மாற்றினால் போதும், 300-க்கு வாங்கிய சில்லு 450-ல் ஓடும். அன்றைக்கு இன்டெல்லின் உச்சமாக இருந்த பென்டியம் 2-இன் வேகம் அதே 450தான். பிறகு 2000-த்தில் ஏ.எம்.டி.யின் டுரான். அதன் முதுகில் அறுந்திருந்த குட்டி இணைப்புகள் மேல் பென்சிலால் கோடு போட்டால் பூட்டுத் திறந்துகொள்ளும். பென்சில் கரியில் மின்சாரம் பாயும் என்பதுதான் சூட்சுமம். அந்தப் பென்சிலைச் சீவிக் கொடுத்தவரே தாம்தான் என்பதுபோலச் சொல்வார். செலரான் வந்து இரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவர் அவர்.

ஒரே அச்சில் வார்த்த சில்லு எப்படி அதிக வேகம் போகும் என்று கேட்டால் கம்பெனி லைனையே உதாரணம் காட்டுவார். “நம்ம க்யூ.சி. மாதிரிதான். டெஸ்ட் பண்ணித் தரம் பிரிப்பான். 3.5 கிகாஹெர்ட்ஸுக்கு கேரன்ட்டின்னு ஸ்டிக்கர் ஒட்டுவான். 3.9 போற பீஸும் அந்தக் கூடையில கெடக்கும். எது மாட்டும்ங்கறது சிலிக்கான் லாட்டரி.” தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லேயே தடை வந்துவிட்டது. ரிச்சி தெருவில் மட்டும் இந்தச் சீட்டு இன்னும் பெட்டியில் வைத்து விற்பனையாகிறது.

அந்தச் சீட்டெடுக்க ஒரு வார விடுமுறையில் என்னையும் இழுத்துப் போனார். ஸ்ரீபெரும்புதூர் போய், பூந்தமல்லி மாறி, அண்ணா சாலையில் இறங்கும்போதே வியர்வையில் இரண்டு பேரும் ஓவர்க்ளாக் ஆகியிருந்தோம். அவர் குறிவைத்தது ஏ.எம்.டி.யின் அத்லான் 3000ஜி. 2019-ல் 49 டாலருக்கு வந்த ஏழைகளின் ப்ராசஸர். இரண்டே கோர், ஆனால் பூட்டு இல்லாதது. பூட்டில்லாத சில்லுக்குப் பூட்டில்லாத மதர்போர்டும் வேண்டும். மலிவான ஏ320 போர்டில் வேகத்தைத் தொட முடியாது என்பதால் பி450 வாங்கினார். பெட்டியோடு வரும் விசிறி தாங்காது என்று ஒரு கையளவு கூலர். கூலருக்குத் தோதாகப் பசை. பில்லைக் கூட்டிப் பார்த்த கடைக்காரர், “தம்பி, இந்தக் காசுக்குச் சாதா போர்டுல நாலு கோர் சில்லே போட்டிருக்கலாமே” என்றார். ஓசியார் அவரை இரக்கத்தோடு பார்த்தார். “அது காசு கொடுத்து வாங்கற வேகம்ணா.”

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஓசி வேகத்தின் கணக்கு அதுதான்.

பிறகு மூன்று இரவுகள். பயாஸில் பெருக்கெண் 35-ஐ 36 ஆக்கி, 37 ஆக்கி, ஒவ்வொரு படியிலும் ‘ப்ரைம் 95’ ஓடவிடுவார். பெரிய பகா எண்களைத் தேட எழுதிய மென்பொருள் அது; ப்ராசஸரைக் கசக்கிப் பிழிய அதைவிடக் கறாரான மேஸ்திரி கிடையாது. நாற்பதில் திரை கருத்தது. பதறவில்லை. காசு மாதிரி வட்டமான பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்து, ஊதி, நூறு எண்ணிவிட்டுத் திரும்பப் போட்டார். உயிர் வந்தது. 39-இல் நின்றது.

வேகம் ஏற வோல்டேஜ் ஏற வேண்டும். வோல்டேஜ் ஏறினால் சூடு அதன் வர்க்கத்தில் ஏறும். இரண்டையும் பத்துப் பத்து சதவீதம் கூட்டினால் மின்சாரச் செலவு மூன்றில் ஒரு பங்கு எகிறும். அந்தச் சில்லுக்கு எல்லை 95 டிகிரி. ஷீட் கூரை, அக்னி நட்சத்திரம், ஒரே ஒரு டேபிள் ஃபேன். அந்த ஃபேன் கேபினெட்டைப் பார்த்துத் திரும்பியது. நாங்கள் நாலு பேரும் செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டு, திரையில் 78 என்று வருவதைப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். அரசாங்கம் வீடுகளுக்குத் தரும் 100 யூனிட் ஓசி மின்சாரம் மாடிப்படி ஏறி எங்கள் அறைக்கு வருவதில்லை. யூனிட்டுக்கு இவ்வளவு என்று அக்கா எண்ணி வாங்கிவிடுவார்.

லாபம்? 3.5 போய் 3.9. ஒரு மணி நேர வேலை ஐம்பத்து நாலு நிமிடத்தில் முடியும். மிச்சமாகும் ஆறு நிமிடத்தில் அவர் சூடு எவ்வளவு என்று பார்ப்பார். பழைய ஹார்ட் டிஸ்க்கை எறிந்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டிருந்தால் இதைவிடப் பல மடங்கு வித்தியாசம் தெரிந்திருக்கும். அவருக்கும் அது தெரியும். “அதுல என்ன மச்சான் இருக்கு? ஸ்க்ரூ போட்டா முடிஞ்சுது.”

இப்படிப்பட்டவர் போன மாதம் லைனில் வாயைத் திறந்தார். ஒரு பீஸுக்கு 42 விநாடி என்று இருந்ததை 38 ஆக்கப்போவதாகச் சூப்பர்வைசர் அறிவித்தார். ஆள் அதே, சம்பளம் அதே, மேலே அதே ஃபேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஓசியார் கையைத் தூக்கினார்.

“சார், வேகத்த ஏத்துறீங்க, சரி. வோல்டேஜ் எவ்ளோ ஏத்துவீங்க?”

“என்னது?”

“வோல்டேஜ் ஏத்தாம வேகம் மட்டும் ஏத்துனா ஹேங் ஆயிடும் சார்.”

சூப்பர்வைசர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பேனலைப் பார்க்கச் சொன்னார். பேனலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

நாலாம் நாள் ரிஜெக்ட் கூடையில் கழிவு குவிந்தது. எட்டாம் நாள் ராத்திரி ஷிஃப்டில், வழக்கமான டீயோடு ஆளுக்கொரு பட்டர் பன் வந்தது. ஓசியார் அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார்.

“பரவால்ல மச்சான்,” என்றார். “0.05 வோல்ட் ஏத்தியிருக்காங்க.”