மக்ரூனும் மூன்று சோதனையும்

கேள்வி: போப் ஐயர் பள்ளி நடத்திய எங்கள் ஊரின் ஆய்வகத்தில் தூத்துக்குடி மக்ரூனைச் சோதித்தால் என்ன தெரியவரும்?
– கல்லூரி மாணவி, சாயர்புரம்

பதில்: முதலில் மாணவர்களின் பசி தெரியவரும்! தப்பிப் பிழைத்த துண்டைக் காகிதத்தில் தேயுங்கள். முந்திரியின் கொழுப்பு, காய்ந்தாலும் போகாத கறையாகும். பையூரெட் சோதனையில் ஊதா வந்தால், முட்டை வெள்ளைக்கருவின் புரதம் ஆஜர்.

சீனிதான் பலே கில்லாடி. தனியாக எடுத்து, பெனடிக்ட் கரைசலோடு சூடாக்கினாலும் நீலம் நீலமாகவே நிற்கும். சீனி என்னும் சுக்ரோஸ், அந்தக் கரைசல் காட்டிக்கொடுக்கும் ஒடுக்கும் சர்க்கரை அல்லவே! நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்து, சோடா உப்பால் அமிலத்தை முறித்து, மறுபடி சோதியுங்கள். குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என இரண்டாகப் பிரிந்து, செங்கல் நிறத்தில் வாக்குமூலம் கொடுக்கும். போலீஸ் தோற்றது! சோதித்த மிச்சத்தைத் தின்னக்கூடாது. ஆகவே ஆய்வகத்துக்கு ஒன்று, விடுதிக்கு ஒரு கிலோ வாங்குங்கள்.