போடிமெட்டுப் பாதையில் தொண்டைச் சங்கின் நடத்தை: ஓர் ஆய்வு

தமிழக–கேரள எல்லையைப் பற்றி, முல்லைப் பெரியாறு தொடங்கி வாளையார் லாரி வரிசை வரை, எழுதிக் குவித்தாயிற்று. எல்லையைக் கடக்கும் தொண்டையைப் பற்றி எழுதத்தான் ஆளில்லை. அக்குறை இங்கே நீங்குகிறது.

விழுங்கலை வாய், தொண்டை, உணவுக்குழாய் என மூன்று கட்டமாகப் பிரித்தவர் 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு உடலியலாளர் மஜந்தி. நமக்கு நடுக்கட்டமே போதும். நாக்கு உணவைப் பின்னுக்குத் தள்ளியதும் மென்னண்ணம் எழுந்து மூக்கின் வழியை அடைக்கும். நாவடி எலும்போடு குரல்வளையும் மேலே எழுந்து முன்னே நகரும். குரல்வளை மூடி கவிழும், குரல் நாண்கள் சேரும், மூச்சு நிற்கும், உணவுக்குழாயின் வாய் திறக்கும். ஏறக்குறைய ஒரு வினாடியில் எல்லாம் முடிந்து சங்கு இறங்கிவிடும். பாதியில் மனம் மாறி நிறுத்த வழியில்லை, உத்தரவு முகுளத்துடையது. இவ்வளவு ஒழுங்காக மூடித் திறக்கும் சோதனைச்சாவடி வேறொன்று இந்த எல்லையில் கிடையாது.

ஆய்வுக்களம்: போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக மூணாறு செல்லும் பேருந்து. மெட்டை எட்டுவதற்குள் சாலை சுமார் 1,000 மீட்டர் ஏறிவிடும். காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும். நடுச்செவிக் காற்று விரிந்து செவிப்பறையை வெளியே தள்ளும். "காது அடைக்குதும்மா" என்று பிள்ளை சிணுங்க, "எச்சிய முழுங்குடா, சரியாயிரும்" என்பாள் தாய். அறிவியல் தாயின் பக்கமே. விழுங்கும்போது அண்ணத்தை இழுக்கும் தசை, தொண்டைக்கும் செவிக்கும் இடையிலுள்ள குழாயையும் திறந்துவிடுகிறது. ஆனால் வெறும் எச்சிலை நாலைந்து தடவைக்குமேல் தொடர்ந்து விழுங்குவது கடினம்; சரக்கு தீர்ந்துவிடும். புளிப்பு மிட்டாயின் மருத்துவப் பயன் இங்குதான் தொடங்குகிறது.

ஒப்பீட்டுக்காக, கோவையிலிருந்து வாளையார் வழியே பாலக்காடு செல்லும் பயணிகளைக் கவனித்தோம். கணவாய்க்குள் சாலை சுமார் 50 கி.மீ. தூரத்தில் 300 மீட்டர்தான் மெல்ல இறங்குகிறது. சங்குகள் சும்மா கிடந்தன. அங்கே தொண்டைக்கு வேலை வருவது வீடு சேர்ந்து காபியை அண்ணாந்து ஊற்றிக்கொள்ளும்போதுதான்.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். சங்காகத் தெரியும் கேடயக் குருத்தெலும்பு ஆண்களுக்கே அதிகம் துருத்தி நிற்பதால் எங்கள் தரவுகள் ஆண்கள் பக்கம் சாய்ந்தவை. பெண்களின் கழுத்தை உற்றுநோக்கும் துணிச்சல் எந்த உதவி ஆய்வாளருக்கும் வரவில்லை.

முக்கியக் கண்டுபிடிப்பு இனிமேல்தான். ஏற்றத்தைவிட இறக்கமே கொடிது. ஏறும்போது உள்காற்று தானாகவே கொஞ்சம் கசிந்து வெளியேறும். இறங்கும்போது வெளிக்காற்று அப்படி நுழையாது, விழுங்கித்தான் திறக்கவேண்டும். ஆக, கேரளம் விருந்தாளியைச் சும்மா உள்ளே விடுகிறது. தமிழ்நாடு எச்சில் வரி கேட்கிறது. தூக்கத்தில் விழுங்கல் வெகுவாகக் குறைவதால், மெட்டில் கண்ணயர்ந்தவர் வரி கட்டாமலே போடி வந்து சேர்வார். டீக்கடையில் நின்று "அண்ணே, ஒரு டீ!" என்று ஊருக்கே கேட்கக் கத்துவார்.

"ஏன்ணே கத்துறீங்க?"

"ஆமாண்ணே, சக்கரை கம்மியா!"

இரண்டாவது மடக்கில் 'டொப்'பென்று காது திறக்கும். சில்லறை இல்லையென்று கடைக்காரர் முன்பே சொன்னது அவருக்கு அப்போதும் தெரியாது.