நவரத்தின மாலையில் நவக்கிரகங்களின் சகவாழ்வு: ஒரு கழுத்தளவு ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

கோயிலில் நவக்கிரகங்கள் ஒன்றின் முகத்தை ஒன்று பார்ப்பதில்லை. அதே ஒன்பது பேரும் எங்கள் அத்தையின் கழுத்தில் தோளோடு தோள் உரசியபடி, கல்யாணப் பந்தியில் பாயசம் வரும்வரை சச்சரவின்றி இருக்கிறார்கள். இது எவ்வாறு இயலும் என்பதே இவ்வாய்வின் வினா.

2. இட ஒதுக்கீடு

சூரியனுக்கு மாணிக்கம், சந்திரனுக்கு முத்து, செவ்வாய்க்குப் பவளம், புதனுக்கு மரகதம், குருவுக்குப் புஷ்பராகம், சுக்கிரனுக்கு வைரம், சனிக்கு நீலம், ராகுவுக்குக் கோமேதகம், கேதுவுக்கு வைடூரியம். இதில் ஜோசியரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. யார் எதைப் போடலாம் என்பதில்தான் வேறுபாடு. ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் தட்சிணை தனி.

3. குடும்பப் பின்னணி

சூரியனும் சனியும் அப்பன் மகன், ஆனால் ஆகாது. ஆகவே மாணிக்கத்தையும் நீலத்தையும் சேர்த்து அணியலாகாது என்பர். கனிமவியல் இதைப் பங்காளித் தகராறாகவே காண்கிறது. இரண்டும் குருந்தம், அதாவது அலுமினியம் ஆக்சைடு. துளி குரோமியம் சேர்ந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். நம் கடைகளில் கனகபுஷ்பராகம் என்று விற்கும் மஞ்சள் கல்லும் அதே குருந்தம்தான். ஆக, சமாதானம் பேச வந்த குருவும் அதே வீட்டுக்காரர். நெருப்புக் குணமுள்ள செவ்வாயும் குளிர்ந்த சந்திரனும் கால்சியம் கார்பனேட்டில் ஒன்றுபடுகிறார்கள். பவளமும் முத்தும் கடல் உயிர்கள் உண்டாக்கியவை, கல் வகையிலேயே சேரா.

4. சனியின் தனிச்சலுகை

'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பலகை மாட்டிய கடையிலும் நீலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. "மூணு ராத்திரி தலகாணிக்கு அடியில வச்சுப் பாருங்க, ஒத்துக்கலைன்னா கொண்டாந்து குடுங்க" என்பார் கடைக்காரர். கெட்ட கனவு வந்தால் அது சனியின் கணக்கு. அன்றிரவு சாப்பிட்ட கொத்துப் பரோட்டாவை எந்த ரத்தின சாஸ்திரமும் கணக்கில் கொள்ளவில்லை.

5. முன்னோடி ஆய்வு

சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல், கோப்பெருந்தேவியின் சிலம்பில் முத்துப் பரல். உடைத்துப் பார்த்தல் என்ற ரத்தினப் பரிசோதனையைத் தண்டனைக்குப் பின் வைத்ததே பாண்டியனின் முறையியல் பிழை. விளைவு: மதுரை.

6. உலையில் பிறந்தவர்கள்

1902இல் பாரிஸில் அகஸ்த் வெர்னாய் என்ற வேதியியலர் சுடரில் உருக்கி மாணிக்கம் செய்யும் முறையை அறிவித்தார். சேர்மமும் அதே, சிவப்பும் அதே. இதற்குச் சூரியன் பொறுப்பேற்பாரா? இங்கிலாந்து மணிமுடியில் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' என்று புகழ்பெற்ற கல் மாணிக்கமே அல்ல, ஸ்பினல் என்ற வேறு கனிமம். சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யம் என்று அவர்கள் பீற்றிக்கொண்டது இந்தக் கல்லை வைத்துக்கொண்டுதான்.

7. கள ஆய்வு

பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் மாலை வங்கிக்குச் சென்றது. வாங்கியபோது கல்லுக்கெனத் தனி விலை, செய்கூலி, சேதாரம் எல்லாம் கொடுத்த மாலை. மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்தார், திராவகம் விட்டார், தராசில் வைத்தார்.

"கல்லையும் அரக்கையும் கழிச்சா இவ்வளவுதாம்மா நிக்கும்."

"அதுல சனி பகவான் இருக்காருங்க," என்றார் அத்தை.

"யாரா இருந்தாலும் கழிவுதாம்மா."

8. முடிவுகள்

குடும்பத்தின் தலையெழுத்தையே நிர்ணயிப்பவர்கள் ஒன்பது பேரும் நகைக்கடன் சீட்டில் அரக்கோடு சேர்த்து ஒரே வரியில் கழிக்கப்படுகிறார்கள். சேர்ந்து அவமானப்பட்டவர்களுக்குள் சண்டை வருவதில்லை. சகவாழ்வின் காரணம் இதுவே.

அடகு வைத்த மாலையை மீட்டுத் தரும் வல்லமை எந்தக் கல்லுக்கு உண்டு என்பது தனி ஆய்வுக்குரியது. முதற்கட்டத் தரவுகள் தீபாவளி போனஸைச் சுட்டுகின்றன.