எந்த அளவுக்கு என மதிப்பிடுக

அனுப்புநர்: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், தற்சமயம் மகள் வீடு, எடிசன், நியூஜெர்சி.

பெறுநர்: காலேஜ் போர்டு நிர்வாகத்தார், நியூயார்க்.

நாள்: 2025 ஜூன்.

பொருள்: ஏ.பி. அமெரிக்க வரலாற்றுத் தேர்வு – மதிப்பெண் போடும் முறை – விளக்கம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் மதிப்பீட்டு விதிகள். 2. பேத்தியின் முகம்.

மதிப்புக்குரியீர்,

வணக்கம். நான் தமிழ்நாட்டில் 31 வருடம் மேல்நிலை வகுப்புக்கு வரலாறு நடத்தியவன். பொதுத்தேர்வு முடிந்தால் விடைத்தாள் திருத்தும் முகாமில்தான் வாசம். ஒரு கையில் விடைக்குறிப்பு, மறு கையில் சிவப்பு மைப் பேனா. அசோகர் சாலையோரம் மரம் நட்டார் என்றிருந்தால் ஒரு மதிப்பெண், கிணறு வெட்டினார் என்றிருந்தால் இன்னொன்று. ஏன் நட்டார் என்று நாங்களும் கேட்டதில்லை, பிள்ளைகளும் சொன்னதில்லை. துணைத்தலைப்புக்கு அடிக்கோடு போட்டு, கூடுதல் தாள் நாலு வாங்கி, நூல் கோத்துக் கட்டிக் கொடுத்த பையனைப் பார்த்தால் எனக்கு மனசு இளகிவிடும். எங்கள் வீட்டு லட்சணத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

பேத்தி பதினொன்றாம் வகுப்பு. பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிப் பாடத் தகுதிக்காக எழுதும் உங்கள் ஏ.பி. தேர்வை மே மாதம் முடித்துவிட்டு வந்தாள். "எவ்வளவும்மா வரும்?" என்று கேட்டேன்.

"அஞ்சு வரணும் தாத்தா."

"நூத்துக்கா?"

"அஞ்சுக்கு."

மூன்றேகால் மணி நேரம் எழுதினால் அஞ்சு மார்க்! எங்கள் ஊரில் அது ஒரே ஒரு பத்தி வினாவின் விலை. 99 டாலர் கட்டணம் என்று மாப்பிள்ளை சொன்னதும், ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். பிறகு உங்கள் விதிகளை அச்செடுத்துத் தரச் சொல்லி, கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

கொள்குறி வினா 55, அதற்கு 55 நிமிடம், மொத்தத்தில் 40 சதவீதம். குறுவினா மூன்றுக்கு 20. ஏழு ஆவணங்களைக் கொடுத்து எழுதச் சொல்லும் கட்டுரைக்கு 25. நெடுங்கட்டுரைக்கு 15. ஆவணக் கட்டுரைக்கு ஏழு புள்ளி, நெடுங்கட்டுரைக்கு ஆறு, குறுவினா மூன்றுக்கும் சேர்த்து ஒன்பது. தேதிக் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் கணக்குப் போட்டேன். ஆவணக் கட்டுரையில் ஒரு புள்ளி என்பது மொத்தத்தில் மூன்றரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல்; அதாவது கொள்குறி வினா ஐந்துக்குச் சமம். பிள்ளை தன் வாதத்தை ஒரு வாக்கியத்தில் ஒழுங்காகச் சொன்னால் இந்தப் புள்ளி கிடைத்துவிடும். அதே மாதிரி வாக்கியத்தை அடுத்த பக்கத்து நெடுங்கட்டுரையில் சொன்னால் இரண்டரை சதவீதம்தான். ஒரே சந்தையில், ஒரே கத்தரிக்காய்க்கு, பக்கத்துப் பக்கத்துக் கடையில் இரண்டு விலை. ஆகட்டும், சந்தை உங்களுடையது.

அந்த வாக்கியம் கட்டுரையின் தொடக்கத்திலோ முடிவிலோ, ஒரே இடத்தில் இருக்க வேண்டுமாம். நடுவில் இருந்தால் செல்லாது. எங்கள் பக்கத்துக் கதாகாலட்சேபக்காரர்கள் யாரும் உங்களிடம் இந்தப் புள்ளியை வாங்க முடியாது. அவர்கள் சங்கதியை நடுச்சாமத்தில், பாதிச் சனம் தூங்கின பிறகுதான் அவிழ்ப்பார்கள். நான் முன்ஜாக்கிரதையாக இங்கேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் புள்ளி போடுவதில் தாராளம், அந்தப் புள்ளிகளை அஞ்சாக்குவதில் மகா ரகசியம்.

தாராளத்தைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். அவசரத்தில் எழுதுகிற கட்டுரை, ஆகவே சின்னப் பிழைகளைப் பெரிதுபடுத்தாதே என்று திருத்துகிறவருக்கே எழுதி வைத்திருக்கிறீர்கள். ஒரு புள்ளி போனால் அதற்காக இன்னொன்று போகாது. தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் பிடுங்குகிற வழக்கத்தை 2011-ல் விட்டுவிட்டீர்கள். இதையெல்லாம் வாசித்தபோது, '1857' என்பதை '1587' என்று மாற்றி எழுதியதற்காக என் கையால் சுழிக்கப்பட்ட பிள்ளைகள் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். அன்று தூக்கம் வரவில்லை.

ஆவணக் கட்டுரையின் ஏழாவது புள்ளி வேறு கதை. சிக்கலைப் புரிந்துகொண்ட எழுத்துக்காம். பிள்ளைகள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ஒற்றைக்கொம்புக் குதிரை. இருக்கிறது என்று சொல்வார்கள், கண்டவர் இல்லை. 2024 தேர்விலிருந்து நீங்களே குதிரையைக் கொட்டடிக்குள் கொண்டுவந்து கட்டிவிட்டீர்கள். ஏழு ஆவணங்களையும் சரியாகப் பயன்படுத்தினால் கொடுக்கலாம். நாலு ஆவணத்துக்கு மூல விசாரணை செய்தாலும் கொடுக்கலாம். சிக்கலைக்கூட எண்ணிப் பார்த்துத் தரலாம் என்று கண்டுபிடித்தவருக்கு எங்கள் கல்வித்துறையில் உடனே பதவி உயர்வு உண்டு.

இந்த மூல விசாரணைதான் எனக்கு மிகவும் பிடித்த விதி. ஆவணத்தை அப்படியே நம்பாதே. எழுதியவர் யார், எந்த நோக்கில் எழுதினார், யாருக்கு எழுதினார், எந்தச் சூழலில் எழுதினார் என்று கேள் என்கிறீர்கள். ஐயா, இது தெரியாமல் 31 வருடம் பாடம் நடத்தினேனே! கற்றதைச் சோதித்துப் பார்க்கக் கையருகில் ஒரு ஆவணம் வேண்டும். ஜூலையில் வரப்போகும் உங்கள் மதிப்பெண் அறிக்கையையே எடுத்துக்கொண்டேன்.

ஆவணத்தின் வாசகம்: ஒரே ஒரு எண். எழுதியவர் யார்? ஜூன் மாதம் கூடுகிற பேராசிரியர்களும் பள்ளி ஆசிரியர்களும் புள்ளிதான் போடுகிறார்கள். அஞ்சு, நாலு என்று எழுதுவது அவர்கள் இல்லை. எந்தக் கட்டுரைக்கு எத்தனை புள்ளி, மொத்தம் எவ்வளவு, எல்லைக்கோடு எங்கே என்பது பிள்ளையின் அறிக்கையில் கிடையாது. நோக்கம்? 3 என்றால் 'தகுதி உண்டு'. 2 என்றால் 'ஒருவேளை தகுதி இருக்கலாம்'. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்பார்களே, அந்த 'ஒருவேளை'. 1 என்றால் 'பரிந்துரை இல்லை'. ஃபெயில் என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை, நல்ல மனசு. யாருக்கு எழுதியது? கல்லூரிகளுக்கு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 3-க்கே கணக்கில் சேர்த்துக்கொள்கிறது; வேறு சில இடங்களில் 5 கொண்டுபோனாலும் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

சூழலுக்கு வந்தபோதுதான் சிக்கிக்கொண்டேன். 2023-ல் இந்தத் தேர்வில் 3-ம் அதற்கு மேலும் வாங்கியவர்கள் சுமார் 48 சதவீதம். 2024-ல் சுமார் 72. ஒரே வருடத்தில் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அமெரிக்க வரலாறு இப்படிப் பொங்கி வந்துவிட்டதா? விதி தளர்ந்தது ஒரு காரணம் என்று எழுதலாம். எல்லைக்கோடு வகுக்கும் முறையை மாற்றி, ஏராளமான தரவை வைத்து வகுக்கிறோம் என்று நீங்கள் சொன்னது இன்னொரு காரணம். இரண்டில் எது, எந்த அளவுக்கு? உங்களுக்குப் பிடித்த கேள்வி ஆயிற்றே: 'எந்த அளவுக்கு என மதிப்பிடுக.' 2023-ல் 2 வாங்கிய பெண்ணும் 2024-ல் 3 வாங்கிய அவள் தங்கையும் ஒரே சாப்பாட்டு மேசையில் இருந்தால், நடுவில் இருப்பது அறிவா, கோடா? 2020-ல் கொரோனாவுக்காக வீட்டிலேயே, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, 45 நிமிடத்தில் ஒரே கட்டுரை எழுதிய பிள்ளைகளுக்கும் இதே 5-தான்.

இதைப் பேத்தியிடம் கேட்டேன். "ஆவணத்துக்கு வெளியிலிருந்து சான்று வேணும் தாத்தா. இருந்தா ஒரு பாயின்ட் எக்ஸ்ட்ரா" என்றாள். வெளியில் எங்கே போய்த் தேடுவேன்? அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

என் கோரிக்கை சின்னது. மறுகூட்டல், மறுமதிப்பீடு எதுவும் கேட்கவில்லை; முடிவே இன்னும் வரவில்லை. ஏழும் ஆறும் ஒன்பதும் ஐம்பத்தைந்தும் எந்த இடத்தில் ஐந்தாகின்றன, எந்த இடத்தில் நாலாகின்றன என்று பிள்ளைகளின் அறிக்கையிலேயே ஒரு வரி அச்சிட்டால் போதும். அந்த வரி தொடக்கத்தில் இருந்தாலும் சரி, முடிவில் இருந்தாலும் சரி. நடுவில் இருந்தாலும் நான் புள்ளி கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தாத்தா

இணைப்பு: காலண்டர் தாள் ஒன்று (கணக்கு பின்பக்கம், முன்பக்கத்து ராகு காலம் இந்திய நேரப்படி).